கல்யாண வீட்டு அடுப்பு

காலையில் தேத்ரி வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள் என்றால் மண்டல் தெரு முழுக்க ஒரு முணுமுணுப்பு ஓடும். "வந்துட்டா மகராசி" என்பாள் ஒருத்தி. "சோறு இன்னும் ஒரு கொதி வரலியே, அதுக்குள்ளயா" என்பாள் அடுத்தவள். தேத்ரி எதையும் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். வாசலில் நின்று கூப்பிடுவதெல்லாம் கிடையாது. நேரே அடுக்களைக்குள் நுழைந்து, அடுப்பில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி, புஸ்ஸென்று எழும் ஆவிக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, சாம்பலைக் குச்சியால் கிளறிப் பார்த்து, இன்னொரு செம்பு ஊற்றிவிட்டுத்தான் வெளியே வருவாள். அரைவேக்காட்டுச் சோற்றுக்குக்கூட அவளிடம் இரக்கம் கிடையாது.

பங்குனி பிறந்ததிலிருந்து முதல் மழை விழுகிறவரை இதுதான் நடப்பு. சூரியன் மூங்கில் தோப்புக்கு மேலே ஏறுவதற்குள் சமையல் முடிந்துவிட வேண்டும். அதற்கப்புறம் சாயங்காலம் காற்று அடங்கும்வரை ஒரு வீட்டிலும் நெருப்பு இருக்கக் கூடாது. மத்தியானம் பசித்தால் வறுத்த கடலையை அரைத்த சத்துமாவு இருக்கிறது. உப்பு, வெங்காயம், பச்சைமிளகாய், ரெண்டு சொட்டுக் கடுகெண்ணெய் போட்டுப் பிசைந்து உருட்டித் தின்றால் பொழுது சாயும்வரை வயிறு கேள்வி கேட்காது. கோசி ஆற்றங்கரையில் சித்திரை மாதத்து மேல்காற்று விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை. பத்து பதினோரு மணிக்குக் கிளம்பினால் மண்ணை வாரி மூஞ்சியில் அடிக்கும். கூரையெல்லாம் நாணல், சுவரெல்லாம் சணல்குச்சி. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரே மத்தியானத்தில் முப்பத்தெட்டு வீடும் போயிற்று. தேத்ரியின் பசுமாடு ரெண்டும் கட்டின கயிற்றோடு வெந்தன. அந்த வாடை இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை என்பாள்.

அந்தத் தீக்கு அப்புறம்தான் தெரு கூடிச் சட்டம் போட்டது. சட்டம் போடுவது சுலபம், அடுப்பில் தண்ணீர் ஊற்ற எந்தப் பொம்பளைக்குக் கை வரும்? வீட்டிலிருந்து பிணம் போனால்தான் அங்கே அடுப்பில் தண்ணீர் விழும். மற்ற நாளில் தணலைச் சாம்பலால் மூடி வைப்பதுதான் முறை. அந்த மூடி வைத்த தணல்தான் காற்றடித்தால் கண்ணைத் திறக்கும். எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது தேத்ரிதான் எழுந்தாள். தெருவுக்கே தான் ஊற்றுவதாகவும், பாவம் வந்தால் தன் தலையில் வரட்டும் என்றும் சொன்னாள். கூடவே இன்னொன்றும் சேர்த்தாள். யார் வீட்டு நெருப்பால் தீ பிடிக்கிறதோ, அந்த வீட்டில் மழை வரும்வரை யாரும் கை நனைக்கக் கூடாது. பந்தியிலும் அவர்களுக்கு இலை கிடையாது. "அப்பத்தான் பயம் இருக்கும்" என்று அடித்துச் சொன்னவளும் அவள்தான்.

தெருவையெல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில் தன் அடுப்புக்குத் தன் கையாலேயே ஊற்றிக்கொள்வாள். இத்தனை வருஷம் அதில் ஒரு குறையும் வரவில்லை. இந்த வருஷம்தான் மகள் பூல்குமாரிக்குக் கல்யாணம் கூடிவந்தது.

ஒரே மகள். மாப்பிள்ளை வீடு ஆற்றுக்கு அக்கரையில். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது குளத்து மண் எடுத்து வந்து புது அடுப்பு போட்டு, மெழுகி, அரிசி மாவில் கோலம் இழுத்து, குங்குமம் வைத்து, அன்றைக்குத்தான் அதில் முதல் சோறு பொங்கினார்கள். தெரு அடுப்பையெல்லாம் அணைத்துவிட்டு வந்த தேத்ரி தன் அடுப்பின் முன்னால் செம்போடு குனிந்தாள். கை போகவில்லை. குங்குமம் வைத்த அடுப்பு, மகள் கல்யாணத்துக்கென்று போட்ட அடுப்பு. பிணம் போன வீடு மாதிரி அதில் எப்படித் தண்ணீரை விடுவது?

இன்றைக்கு ஒருநாள் போகட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தணலை வாரி மண்சட்டியில் போட்டு, ரெண்டு கை சாம்பலால் மூடி, மேலே ஒரு ஓட்டுத்துண்டைக் கவிழ்த்து, மேற்குச் சுவரோரம் நெல்குதிருக்குப் பின்னால் வைத்தாள். அடுப்பைப் பார்த்தால் துடைத்துவிட்ட மாதிரி சுத்தம். பிறகு மகளையும் கூட்டிக்கொண்டு மக்காச்சோளம் உதிர்க்கக் களத்துக்குப் போய்விட்டாள்.

கோழி போய்க் கிளறியதோ, எலி ஓட்டுத்துண்டைத் தள்ளியதோ, யார் கண்டது? பதினொன்றரைக்கு மேற்கு ஓரத்தில் புகை எழும்பியது. களத்திலிருந்து தேத்ரி ஓடி வருவதற்குள் கூரை தலையை விரித்து ஆடிக்கொண்டிருந்தது. தெருக்காரர்களைச் சும்மா சொல்லக் கூடாது. எரிகிற வீட்டை விட்டுவிட்டுப் பக்கத்துக் கூரைகளை முதலில் பிடுங்கிக் கீழே தள்ளினார்கள். நனைத்த சாக்கு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தயாராகக் கிடந்தது, அதுவும் தேத்ரி போட்ட சட்டம்தான். அடிபம்பில் நாலு பேர் மாறி மாறி அடித்தார்கள். ஒரு மணி நேரத்தில் அடங்கியது. போனது தேத்ரியின் வீடும், பக்கத்து ஜாகேசர் மண்டலின் மாட்டுக்கொட்டகையில் பாதியும். உயிர்ச்சேதம் இல்லை. ஆடுகூடத் தப்பித்துவிட்டது. நெல், மெத்தை, கல்யாணப் புடவைகள், பூல்குமாரி ஒரு வருஷமாகத் தைத்த பூப்போட்ட போர்வை எல்லாம் கரி. தீயணைப்பு வண்டி எல்லாம் முடிந்த பிறகு கரைமேட்டில் வந்து நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று.

தெருவுக்குப் பெரியவர் ஜாகேசர்தான். பாதிக் கொட்டகை போன கடுப்பில், நெருப்பு எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கேட்டார். யாரும் பதில் சொல்வதற்கு முன்னால் முனேசரி முன்னால் வந்தாள். தேத்ரி வீட்டுக்கு மேற்கே அவள் வீடு. புருஷன் பஞ்சாபில் கூலிவேலை, இவள் கைக்குழந்தையோடு தனியாக இருக்கிறாள். முகமெல்லாம் கரி.

"யாரையும் தேட வேணாம் மாமா. நான்தான். புள்ளைக்கு ராத்திரியிலிருந்து வயித்துப்போக்கு. ரெண்டு குச்சி வெச்சுக் கஞ்சித்தண்ணி சுட வெச்சேன், பத்தரை மணி இருக்கும். மண்ணப் போட்டு அணைச்சேன், ஆனாலும் பொறி பறந்திருக்கும்." தேத்ரியின் பக்கம் திரும்பினாள். "அக்கா, உன் பொண்ணு கல்யாணத்தை எரிச்சுட்டேனே."

தேத்ரி வாயைத் திறந்தாள். அந்த நேரத்தில் சொல்லியிருந்தால் அது ஒரே ஒரு வார்த்தை. சொல்லவில்லை, மூடிக்கொண்டாள். சுற்றி நின்றவர்கள் அதிர்ச்சியில் பேச்சு வரவில்லை என்று நினைத்து அவளை உட்கார வைத்து வெல்லமும் தண்ணீரும் கொடுத்தார்கள். மழை வரும்வரை முனேசரிக்குப் பந்தி கிடையாது என்று முடிவாயிற்று. முனேசரி தலையை ஆட்டிவிட்டுக் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள்.

மறுநாள் சம்பந்தி சைக்கிளில் வந்தார். கரிக்கட்டைகளைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, தேதியில் மாற்றம் இல்லை என்றார். நல்ல மனுஷன். அரைமூட்டை அரிசியையும் இறக்கி வைத்தார். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டார். தன் பக்கத்து ஆட்கள் முப்பது பேருக்கும் பெண் வீட்டார் கையால் ஒருவேளைச் சாப்பாடு வேண்டும், அது இல்லாமல் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனால் ஆற்றுக்கு அக்கரையில் தலைகாட்ட முடியாது. தேத்ரியின் புருஷன் தனிக்லால் கைகூப்பி ஒத்துக்கொண்டான். தேத்ரி மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் அவள் வீட்டில் யாரும் கை நனைக்க முடியாது. சொல்லாவிட்டால் கல்யாணம் ஜாம்ஜாமென்று நடக்கும்.

வீட்டு வேலை ஆரம்பித்தது. தெருவுக்கே கல்யாணக் களை வந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். வீட்டுக்கு அஞ்சு மூங்கில், ரெண்டு கட்டு நாணல் என்று யாரும் கேட்காமலே வந்து குவிந்தன. ஆண்கள் குழி தோண்டிக் கால் நட்டு விட்டம் ஏற்றினார்கள். பெண்கள் மண்ணும் சாணமும் உமியும் சேர்த்து மிதித்தார்கள். மிதிக்கிற மிதியில் பாட்டும் கேலியும் பறக்கும். தேத்ரியைச் சீண்ட இப்படி ஒரு வாய்ப்பு இதுவரை யாருக்கும் வாய்த்ததில்லை. "அக்கா, உன் அடுப்பு அணைஞ்சிருச்சா, பாக்கட்டுமா?" என்று அந்தக் குடும்பம் தங்கியிருந்த பிளாஸ்டிக் தார்ப்பாய்க்குள் எட்டிப் பார்த்து ஒருத்தி கேட்க, மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தேத்ரியும் சிரிக்கத்தான் செய்தாள். சிரித்துவிட்டு அந்தப் பக்கம் போய் மூக்கைச் சிந்தினாள்.

முனேசரியும் தினம் வந்தாள். முதல் நாளே தன் வீட்டுப் பரணிலிருந்த சணல்குச்சிக் கட்டு முழுவதையும் இழுத்து வந்து போட்டாள். தன் சுவரை மழைக்கு முன்னால் மாற்றுவதற்கென்று ஒரு வருஷமாகச் சேர்த்தது. எல்லோரும் வேலையை நிறுத்தி அவலும் வெல்லமும் தின்ன உட்காரும்போது அவள் மட்டும் மூங்கில் தோப்புப் பக்கம் தள்ளிப் போய், முந்தானையில் முடிந்துவந்த சத்துமாவைத் தனியே பிசைந்து தின்பாள். தண்ணீரும் தன் செம்பில்தான். முகத்தில் ஒரு குறை தெரியாது. தின்று முடித்ததும் கையைத் தட்டிவிட்டு முதல் ஆளாக மண்ணில் இறங்குவாள்.

அஞ்சாம் நாள் காலை. தேத்ரி வழக்கம்போல வாளியோடு தெருவைச் சுற்றினாள். வீடு எரிந்தவள், இந்த வருஷம் விடு என்றுதான் தெருவே சொன்னது. அவளால் சும்மா இருக்க முடியவில்லை. முனேசரி வீட்டு அடுக்களைக்குள் நுழைந்தபோது அடுப்பு ஏற்கெனவே ஈரமாகக் கிடந்தது.

"நானே ஊத்திட்டேன் அக்கா" என்றாள் முனேசரி, குழந்தைக்குப் பாலைக் கொடுத்துக்கொண்டே. "உனக்கு எதுக்கு என் வீட்டுப் பாவம்? யாரும் வந்து கை நனைக்காத வீடு, இதுல தண்ணி ஊத்தினா என்ன, ஊத்தாட்டி என்ன."

தேத்ரி நிறைசெம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பன்னிரண்டு வருஷத்தில் தன் கையால் தன் அடுப்பில் தண்ணீர் ஊற்றிய ரெண்டாவது பொம்பளை அந்தத் தெருவில் முனேசரிதான். அதுவும் செய்யாத குற்றத்துக்கு. தேத்ரிக்கு வெட்கத்தில் காது சுட்டது. செம்புத் தண்ணீரை வாளியிலேயே திருப்பி ஊற்றிவிட்டு வெளியே வந்தாள்.

தனிக்லால் புதுவீட்டுத் தரையை மரக்கட்டையால் தட்டிக்கொண்டிருந்தான். அதிகம் பேசாத ஆள். பீடியைக்கூட இந்த மூன்று மாசம் ஆற்றுமணலுக்குப் போய்த்தான் குடிப்பான், பெண்டாட்டியிடம் அவ்வளவு பயம். தேத்ரி அவன் பக்கத்தில் உட்கார்ந்து, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தாள்.

"சட்டி ஒண்ணு கெடச்சுது" என்றான் அவன் தட்டுவதை நிறுத்தாமல். "குதிர் இருந்த எடத்துல. உள்ள கங்கு கரிஞ்ச அடையாளம். நொறுக்கி இந்தத் தரைக்குள்ள போட்டு மிதிச்சுட்டேன்."

"எப்பலேருந்து தெரியும்?"

"மறுநாளே."

"ஒரு வார்த்தை கேக்கலியே நீ."

"கேட்டு? நீ வேணும்னேவா பண்ணுவ?" கட்டையைக் கீழே வைத்தான். "கல்யாணம் முடியட்டும் தேத்ரி. பொண்ணு அக்கரை போயிடட்டும். அப்புறம் நானே சொல்றேன், பீடி நெருப்புன்னு. எனக்கென்ன, பந்தியில எலை இல்லாட்டி வீட்டுல தின்னுக்கறேன்."

அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் வந்தது. அதுவரைக்கும் முனேசரி தனியே உட்கார்ந்து சத்துமாவு தின்ன வேண்டுமா என்று கேட்டாள். தன் பொண்ணு கல்யாணத்தில் பக்கத்து வீட்டுக்காரி வேலியோரம் நின்று எட்டிப் பார்க்க வேண்டுமா என்றும் கேட்டாள். தனிக்லால் கட்டையை எடுத்து மறுபடி தட்ட ஆரம்பித்தான்.

பூல்குமாரியிடம் அன்றைக்கே சொல்லிவிட்டாள். அவள் கல்யாணம்தானே, அவளுக்குத் தெரியாமல் முடியாது. பெண் கையிலிருந்த சணல்குச்சியை ஒடித்துப் போட்டாள். "சொல்லிடும்மா. அந்தச் சோறு எனக்கு எறங்காது" என்றாள்.

ஏழாம் நாள் கூரை முடிந்தது. சுவர் பூச்சு மட்டும் பாக்கி. எல்லோரும் புதுக்கூரை நிழலில் அவலோடு உட்கார்ந்தார்கள். முனேசரி மண் அப்பிய கையோடு மூங்கில் பக்கம் நகரப் பார்த்தாள். தேத்ரி எழுந்து நடுவில் நின்றாள்.

"அவ எங்கயும் போக வேணாம். தீ அவ வீட்டுலேருந்து வரல. அன்னைக்கு என் அடுப்புல நான் தண்ணி ஊத்தல. கல்யாண அடுப்பாச்சேன்னு மனசு வரல. தணலச் சட்டியில மூடிக் குதிருக்குப் பின்னால வெச்சேன். எரிஞ்சது அதுதான்."

ஜாகேசர் வாயில் வைத்த வெல்லத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

முனேசரி மிதித்த மண்ணில் ஒரு பிடி அள்ளி உருட்டி ஓங்கி எறிந்தாள். அது தேத்ரியின் கன்னத்தில் அப்பி, கழுத்து வழியாக வழிந்தது. தேத்ரி துடைக்கவில்லை.

"ஏழு நாளா நான் தூங்கலை" என்றாள் முனேசரி. "எம் புள்ளைக்கு ஒரு வாய்க் கஞ்சி சுட வெச்சதுக்கு ஒரு கல்யாணத்தையே எரிச்சுட்டேன்னு... அவங்க அப்பாகிட்ட போன்ல சொல்லி அழுதேன். நீ தெனம் என் மொகத்தைப் பாத்தியே அக்கா. என் கையால பூசின செவத்தைப் பாத்தியே."

"பாத்தேன்டி" என்றாள் தேத்ரி.

"என் சணல்குச்சியத் திருப்பிக் குடு."

சிரிக்கலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. குச்சியெல்லாம் சுவருக்குள் போய், பாதி மண் பூசி நின்றது. முனேசரி அந்தச் சுவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே, எதிரிலிருந்த தட்டிலிருந்து ஒரு கை அவலை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். ஏழு நாளைக்கு அப்புறம் எல்லோரோடும் உட்கார்ந்து தின்றது அதுதான்.

ஜாகேசருக்கும் வருத்தம்தான். ஆனாலும் சட்டம் சட்டம்தானே என்றார், அதுவும் தேத்ரியே கொண்டுவந்த சட்டம். இன்றைக்கு அவளுக்கு விட்டுக்கொடுத்தால் நாளைக்கு யார் அடுப்பை அணைப்பார்கள்? தேத்ரி தலையை ஆட்டினாள். விட்டுக்கொடுங்கள் என்று அவள் கேட்கவும் இல்லை. கல்யாணத்துக்கு மூன்று நாள்தான் இருந்தது. தனிக்லால், சம்பந்திக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான். பூல்குமாரி அம்மாவின் கன்னத்து மண்ணை மெல்லத் துடைத்துவிட்டாள்.

"எங்க போற அண்ணே, உக்காரு" என்றாள் முனேசரி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. பிறகு ஜாகேசரைப் பார்த்தாள். "மாமா, இப்ப என் வீட்டுல கை நனைக்கலாமா கூடாதா?"

"உனக்கென்னம்மா இனிமே. தாராளமா நனைக்கலாம்."

"அப்ப பந்தி என் வாசல்ல. பூல்குமாரி எனக்கும் பொண்ணுதான். பொண்ணு வீட்டார் கையால சாப்பாடுதானே கேட்டாங்க, என் கை என்ன கூலிக்கு வந்த கையா?" எழுந்து மண்ணை மிதிக்கப் போனாள். "அக்காவோட எனக்குப் பேச்சு இல்லை. அது வேற."

சொன்ன மாதிரி மூன்று நாளும் தேத்ரியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் பூச்சு முடிகிறவரை கையை எடுக்கவும் இல்லை. பூல்குமாரியைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் மஞ்சள் பூசிவிட்டாள். பெட்டியிலிருந்த தன் சொந்தக் கல்யாணப் புடவையை உதறி, கரப்பான் அரித்த இடத்தை உள்ளே மடித்துத் தைத்துக் கொடுத்தாள்.

கல்யாணம் குறைவில்லாமல் நடந்தது. மறுநாள் காலை விருந்துக்கு விடிவதற்கு முன்னாலேயே முனேசரி வாசலில் நாலு அடுப்பு மூட்டி, கடுகு அரைத்துவிட்ட மீன்குழம்பும் சோறும் கத்தரிக்காய் வறுவலும் இறக்கிவிட்டார்கள். சூரியன் மூங்கிலுக்கு மேலே வருவதற்குள் பந்தியும் போட்டாயிற்று. கடைசி அண்டா இறங்கியதும் முனேசரியே நாலு அடுப்பிலும் குடம் குடமாகத் தண்ணீரைக் கொட்டினாள். கல்யாண வீடாயிற்றே என்று அக்கரைப் பொம்பளை ஒருத்தி முகம் சுளித்தாள். "எங்க ஊர்ல இப்படித்தான்" என்று முனேசரி அடுத்த குடத்தை எடுத்தாள். சம்பந்தி ரெண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

தேத்ரியும் தனிக்லாலும் மூங்கில் தோப்பில் உட்கார்ந்திருந்தார்கள். மணையில் உட்கார்ந்து பெண்ணைத் தாரை வார்க்கத் தடை இல்லை, சாப்பிடத்தான் தடை. மீன்குழம்பு வாசம் காற்றில் வந்துகொண்டிருந்தது. தனிக்லால் பெருமூச்சு விட்டான். தேத்ரிக்கு உண்மையிலேயே பசி தெரியவில்லை. புதுப்புடவையில் மகள் பந்திக்கு நடுவே நெய் பரிமாறிக்கொண்டு போவது அங்கிருந்தே நன்றாகத் தெரிந்தது. பார்க்கப் பார்க்க மனசு நிறைந்தது. மடியிலிருந்த சத்துமாவைப் பிசைந்து புருஷனுக்குப் பாதி கொடுத்தாள்.

பந்தியிலிருந்து முனேசரி தாமரை இலை நிறையச் சோறும் மீனுமாகத் தூக்கிக்கொண்டு வந்தாள். உனக்கு இங்கேதான் இலை போட்டிருக்கிறது என்று ஜாகேசர் அங்கிருந்து கூப்பிட்டார். "எனக்கு இந்த எடம் பழகிப்போச்சு மாமா" என்று சொல்லிவிட்டுத் தேத்ரியின் எதிரில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். மீனில் முள் எடுத்து ரெண்டு வாய் சாப்பிட்டாள். பிறகு கையை நீட்டித் தேத்ரியின் கையிலிருந்த சத்துமாவு உருண்டையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, தன் இலையிலிருந்த பெரிய துண்டை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

"வேணாம்டி. சட்டம்" என்றாள் தேத்ரி. கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது.

"உன் வீட்டுலதானே கை நனைக்கக் கூடாது. பந்தியிலதானே உனக்கு எலை இல்ல. இது மூங்கில் தோப்பு. சீக்கிரம் சாப்பிடு. சாப்பிட்டுட்டு எந்திரி, உன் அடுப்பை நான் பாக்கணும்."

"காலையில மாப்பிள்ளை குளிக்கத் தண்ணி காய வெச்சேன். அப்பவே அணைச்சுட்டேன்டி."

"நீ சொன்னா நான் நம்பணுமா?" என்றாள் முனேசரி, முள்ளைத் தூரப் போட்டுவிட்டு.